இரண்டு மீட்டர் வீடு

காலையிலிருந்து அறிவு உட்காரவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். எட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் கிடந்து பழகியவன். இன்று லீவு போட்டும் வீட்டு நாற்காலியில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரில் வந்த இரைச்சல் அவனைப் படுத்தி எடுத்தது.

மகள் ஜோதிகா, ராயபுரத்து மெல்லிசைக் குழு ஒன்றில் பாடகியாகச் சேர முயன்றுகொண்டிருந்தாள். மைக்கில், இசையோடு பாடிய வீடியோ மாலை ஐந்து மணிக்குள் போக வேண்டும். முதலில் அனுப்பியதை, ‘பாட்டைவிட இரைச்சல்தான் நன்றாகக் கேட்கிறது’ என்று திருப்பிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அறிவால் தாங்க முடியவில்லை.

டோல்கேட் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மஜீதிடம் வாங்கிய, மைக் மாட்டும் மிக்சர் டிவி பக்கத்தில் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் எதிர்ச் சுவரோரம், பிரிட்ஜோடு ஒரே பிளக் பாயிண்டில். இரண்டையும் சேர்த்து ஒரு வயர். அதைச் சொருகினால் ‘ஙொய்’ என்று கத்தியது, பிடுங்கினால் ஊமையாகிவிட்டது. வேறு வயர் போட்டான். ஃபேனை நிறுத்தினான், டியூப்லைட்டை அணைத்தான், ஸ்பீக்கர் மண்டையில் நாலு தட்டுத் தட்டினான். ஸ்பீக்கர் என்ன பாவம் செய்தது! மணி மூன்றாகிவிட்டது.

பிளக்கின் மூன்றாவது காலை ஒடித்தால் இரைச்சல் போய்விடும் என்று கூட வேலை செய்கிற எவனோ சொன்னது ஞாபகம் வந்தது. யோசிக்கவேயில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து, இரண்டு பிளக்கின் பெரிய காலையும் முறித்தான். சொன்னபடியே இரைச்சல் நின்றது.

“பாடு பாப்பா!”

ஜோதிகா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். வீலென்று கத்திக் கீழே போட்டாள். உதட்டில் ஷாக்.

“ஒண்ணுமில்ல நைனா, சுர்ருன்னுச்சு, அவ்ளோதான்” என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அறிவுக்கு. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மஜீதைப் போனில் பிடித்தான்.

“எர்த்து கால ஒடைச்சியா? உனக்குப் போயி அறிவுன்னு பேரு வெச்சாங்க பாரு!” என்று மஜீது கத்தினான். “வேற பிளக்கு மாட்டு மாமு. அப்பால ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருவு.”

“எங்க சொருவுனா இன்னா? ஒரே வூட்டு கரண்ட்டுதானே?”

“ஒரே கரண்ட்டா இருந்தா இப்டி கத்தாது. உன் வூட்டுல ரெண்டு மீட்டரு கீதுல்ல? மெயின ஆஃப் பண்ணிப் பாரு.”

மீட்டர் இரண்டுதான். அப்பா போனபின் அண்ணன் சின்னப்பையனோடு சண்டை போட்டு, வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பி, கரண்ட்டையும் பிரித்தாயிற்று. பேர்தான் சின்னப்பையன், இவனுக்கு ஏழு வயது மூத்தவர். மூன்று வருஷமாகப் பேச்சில்லை. பாகத்தில் அண்ணன் தன்னை ஏமாற்றிவிட்டதாக அறிவு திருவொற்றியூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

மெயினை அணைத்தான். ஃபேன் நின்றது, லைட் போனது. பிரிட்ஜ் மட்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“நைனா, அது மட்டும் எப்டி ஓடுது?”

அறிவுக்கு அப்போதுதான் புரிந்தது. சுவர் எழுப்பிய அவசரத்தில் அந்த ஒரு பாயிண்டைப் பிரிக்காமல் விட்டிருக்கிறார்கள். மூன்று வருஷமாக அண்ணன் கரண்ட்டில் குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் அவன் அண்ணனைத் திட்டப் போயிருக்கிறான். முதலில் வெட்கமாக இருந்தது. வெட்கம் தாங்காமல் கோபம் வந்தது.

கிரைண்டர் பிளக்கையும் அயர்ன்பாக்ஸ் பிளக்கையும் கழற்றி மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மாட்டினான். இரண்டையும் ஒரே பாக்ஸில் சொருகி, பாக்ஸைத் தன் பக்கத்து டிவி பாயிண்டில் மாட்டி, மெயினைப் போட்டான். இரைச்சல் இல்லை. மைக்கை முதலில் தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டே மகளிடம் கொடுத்தான். அவள் ஒரே மூச்சில் பாடி முடித்தாள். நாலே முக்காலுக்கு வீடியோ போனது. ஐந்து அடிப்பதற்குள், ஞாயிற்றுக்கிழமை நேரில் வரச்சொல்லிப் பதில் வந்தது.

அப்போதும் அறிவுக்கு உட்கார முடியவில்லை. நேரே பக்கத்து வாசலுக்குப் போனான்.

“எங்க பிரிட்ஜு உன் மீட்டர்ல ஓடுது. தெரியுமா உனக்கு?”

சின்னப்பையன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

“தெரியும். எங்க மெயின அணைச்சா உன் பிரிட்ஜு சத்தம் நிக்குது. காது கேக்காதா எனக்கு?”

“அப்ப ஏன் சொல்லல? நாலு பேரு முன்னாடி சொல்லிக் காட்டவா?”

“சொன்னா அதையும் புடுங்கிக்கினு பூடுவ. நமக்குள்ள அது ஒண்ணுதான்டா மிச்சம் கீது” என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “பாப்பா பாட்டு சரியாயிடுச்சா? ஒரு வாரமா அந்த எழவு சத்தம் இங்கயும் கேட்டுகினு இருந்திச்சி.”

 அறிவு தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான்.

வீட்டில் ஜோதிகா பிரிட்ஜ் பிளக்கில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “இதையும் நம்ம பக்கம் மாத்திடவா நைனா?”

“வோணாம், வுடு” என்றான் அறிவு. பிரிட்ஜைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினான். “பெரியப்பாவுக்குக் குடுத்துட்டு வா. அவுரு கரண்ட்டுல ஜில்லுன்னு ஆனதுன்னு சொல்லு.”