சுவரில் ஒட்டிய மருந்துச்சீட்டு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் சரி. ஊசி போட்ட கையால் ஊரை நிர்வாகம் செய்ய வந்த ஒரு டாக்டரம்மாவின் கதையை இன்றைக்குச் சொல்கிறேன்.

இருபது வருஷம் நாடி பிடித்தவரை ஊரார் ஓட்டுப் போட்டு மேயர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாற்காலி மாறியதே தவிர கைப்பழக்கம் மாறவில்லை. பழைய மருந்துச்சீட்டுக் கட்டிலேயே உத்தரவு எழுதுவார். தெருவிளக்கு எரியவில்லை என்ற புகாருக்குக்கூட, 'ஐந்து நாள் கழித்து வந்து காட்டவும்' என்றுதான் முடிப்பார். விளக்குக்கு ஜுரம் விட்டதா என்று ஊழியர்கள் தங்களுக்குள் கேலி பேசிக்கொள்வார்கள்.

கோடையில், குடிதண்ணீரில் குளோரின் வாடை குமட்டுகிறது என்று ஜனங்கள் முறையிட்டார்கள். நீரேற்று நிலையத்து மோட்டார்க்காரருக்கு, அளவைப் பாதியாகக் குறைக்கும்படி அம்மா ஒரு சீட்டு எழுதி, கீழே வழக்கம்போல் 'ஐந்து நாள் கழித்து வந்து காட்டவும்' என்று சேர்த்துக் கொடுத்தார். அதோடு மறந்தும் போனார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஆறு கலங்கி வந்தது.

ஒருநாள் காலை, அவருடைய பழைய கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போன் செய்தான்.

"அக்கா, விடிஞ்சதிலேருந்து வாந்தி பேதின்னு பதினோரு பேர் வந்துட்டாங்க. எல்லாருக்கும் நம்ம குழாய்த் தண்ணிதான். ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நாடியே கைக்குச் சிக்கல."

அம்மா ஓட்டமாகப் போய்க் காரில் ஏறினார். துணை மேயரும் கூடவே தொற்றிக்கொண்டார்.

நீரேற்று நிலையத்தில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. சுவரில், மீட்டருக்குப் பக்கத்தில், அவர் எழுதிய சீட்டு பசை போட்டு ஒட்டியிருந்தது. தண்ணீர் கலங்கியும் ஏன் அளவைக் கூட்டவில்லை என்று கேட்டார். மோட்டார்க்காரர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி நின்றார்.

"வந்து காட்டச் சொல்லி நீங்கதானேம்மா எழுதியிருந்தீங்க? மூணு தடவை வந்தேன். மேயரம்மா மீட்டிங்ல இருக்காங்கன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. டாக்டர் குறைச்ச மருந்தை நான் எப்படிம்மா கூட்டறது?"

கிளினிக்கில் ஒருவரைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பாதவர் அம்மா.

துணை மேயர் அவரை ஓரமாக அழைத்தார். அடுத்த வாரம் மன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு இருப்பதை நினைவூட்டினார்.

"இந்தச் சீட்டு இல்லன்னா, மிச்சம் இவன் வாய்ப்பேச்சுதாம்மா. அதை யார் கேக்கப்போறாங்க?"

காதோடுதான் சொன்னார். ஆனாலும் மோட்டார்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா சுவரருகே போய்ச் சீட்டை உரித்தார். ஒரு மூலை கிழிந்து சுவரிலேயே தங்கிவிட்டது. மோட்டார்க்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"முதல்ல வால்வை மூடுங்க," என்றார் அம்மா.

அவரே வெளியே போய், மாநகராட்சி வண்டியின் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். சீட்டைத் தேதியோடு, கையெழுத்தோடு படித்தார்.

"குழாய்த் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. லாரியில நல்ல தண்ணி வரும். அளவைக் குறைச்சு எழுதினது நான். மோட்டார்க்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல."

துணை மேயர் காருக்குக் காத்திராமல் நடையைக் கட்டினார்.

கிளினிக்கில் தம்பி இரண்டு முறை குத்தியும் பிள்ளைத்தாச்சிக்கு நரம்பு கிடைக்கவில்லை. அம்மா அந்தச் சில்லிட்ட கையை மடியில் வைத்து, கண்ணை மூடி, விரலால் தடவித் தேடினார். ஊசி இறங்கியது. சலைன் சொட்டத் தொடங்கியது.

"உத்தியோகம் போச்சா, அக்கா?"

"பேசாம அடுத்த பாட்டிலை எடுடா."

அரைமணி கழித்து, நூலிழைபோல் நாடி தட்டியது. அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

பதினோரு பேரும் பிழைத்து வீடு திரும்பினார்கள். மன்றம் அவரை இறக்கிவிட்டது. ஐந்து நாள் கழித்து, கிளினிக் வரிசையில் டோக்கனோடு மோட்டார்க்காரர் உட்கார்ந்திருந்தார், கையில் குளோரின் அளவெழுதிய தாளோடு. நான் இப்போது மேயர் இல்லையே என்றார் அம்மா.

"வந்து காட்டச் சொன்னது டாக்டர்தானேம்மா?" என்றார் அவர்.

உங்கள் வீட்டுக் குடத்தில் தண்ணீர் தெளிந்தே இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வாசலுக்கு வந்த யாரும் திரும்பிப் போகாதிருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.