விட்டால் நிற்கிற மெஷின்

மூன்றாவது மெஷினும் நின்றுபோனதும் கடைக்காரர் ரகுநாத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. புதுக்கோட்டையில் இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறவர். அன்றைக்குப் பெட்டி பிரித்த, இரும்பு இழைக்கிற கிரைண்டர் ஒரே ரகத்தில் வரிசையாக மூன்று நின்றுபோவதை அவர் பார்த்ததே இல்லையாம். என் வீட்டுக்காரர் ஆத்மநாதன் அதை மேசைமேல் வைத்துவிட்டு, "சுவிட்சு சரியில்லண்ணே" என்றார். நான் மெஷினைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குத் திருமயம் ரோட்டில் டிங்கரிங் பட்டறை. பழைய கிரைண்டரை வாங்கிவந்த அன்றே, பிளேடைச் சுற்றி இருக்கும் இரும்பு மூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். மூடி இருந்தால் இடுக்கில் நுழையாது, எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் என்றார். ஏழு வருடமாக ஆயுதபூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறபோது, ஆணியில் தொங்கிய மூடிக்கும் சேர்த்தே வைத்தேன். இதை ஏன் மாட்டுவதில்லை என்று ஒரு வருடம்கூடக் கேட்கத் தோன்றவில்லை. போன சித்திரையில் ஒரு லோடு வண்டிக்கு அடியில் பிளேடு உடைந்து, துண்டு அவர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. பதினான்கு தையல். ஆறிவிட்டது என்றார், நம்பினேன். நடுவிரலும் மோதிரவிரலும் மடங்காமல் அவர் சோறு அள்ளுவதைத் தினமும் பார்த்துக்கொண்டே நம்பினேன். என்னைப்போல ஒரு மடச்சி ஊரில் இருக்கமாட்டாள்.

இப்போது பட்டறையில் ஒரு பள்ளிக்கூட வேன் நிற்கிறது. நாளைக் காலை எஃப்.சி. சோதனைக்குப் போயாக வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கைத் தாங்குகிற பட்டையில் ஒரு வெடிப்பு. வெடிப்பை இழைத்துத் திறந்தால்தான் வெல்டிங் உள்ளே இறங்கும். சக்கரத்தைக் கழற்றியும் அங்கே நான்கு விரல் இடம்தான். அந்த இடத்தின் அளவுக்கு அட்டையில் ஒரு ஓட்டை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கடையில் ஒவ்வொரு மெஷினின் தலையையும் அதற்குள் விட்டுப் பார்த்தார். நாலு அங்குல மெஷின் நுழையவில்லை. நீளக்கழுத்து மெஷின் நுழைந்தது, ஆனால் அதன் முனையிலிருந்த குட்டிக் கல்லைப் பார்த்து, இது பல் விளக்கத்தான் ஆகும் என்று ஒதுக்கிவிட்டார். மூன்று அங்குல பேட்டரி மெஷின் மூடியோடு சேர்ந்தே நுழைந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரே ஒரு சங்கதி, கைப்பிடிக்கு அடியில் இருக்கும் சுவிட்சை விரல்களால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் நின்றுவிடும். மெஷின் கையை விட்டு நழுவினாலும் ஆளை வெட்டாமல் இருக்கத்தான் அப்படி என்றார் ரகுநாத்.

கடையில் வேலை பார்க்கும் செம்மல், அதற்கு ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள், சுவிட்சை அழுத்தி டேப் சுற்றிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"மெஷின் நல்லாத்தாங்க இருக்கு. இங்கிட்டு குடுங்க" என்று வாங்கி அழுத்தினேன். ஓடியது. நான் விடுகிறவரை ஓடியது. ரகுநாத் பில் புத்தகத்தைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். இவர் ரோட்டைப் பார்த்தார்.

வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முன்பிரேக்கை அவர் ஆள்காட்டி விரலால் மட்டும் பிடிப்பதை அன்றுதான் கவனித்தேன். பாலத்தைத் தாண்டியதும், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். கடையில் வைத்துத்தான் என்றேன். பொய்.

பட்டறைக்கு வந்து கால் கழுவக்கூட இல்லை. வாங்கிவந்த மெஷினோடு துணிப்பையிலிருந்து ஒரு டேப் சுருளையும் எடுத்தார். எப்போது வாங்கினார் என்று தெரியவில்லை. மெஷினை மடியில் வைத்து இடது கையால் சுற்ற ஆரம்பித்தார். டேப் அறுபடவில்லை. பல்லால் கடித்தார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. மெஷினைப் பிடுங்கி டேப்பை உரித்து எறிந்தேன்.

"இதச் சுத்துனீங்கன்னா, நானே வேன்காரவுகளுக்குப் போன் பண்ணி வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லிருவேன்."

"அப்ப யாரு இழைக்கிறது? ஒங்கப்பனா?"

"நான்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வேப்பமரத்தடியில் நின்ற வேனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "கை போச்சுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா ஒரு வண்டி இங்கிட்டு வராது புள்ள" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. சேலையை இழுத்துச் செருகி, பொறிக்கு அவர் போடுகிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். முந்தானை நுனி வெளியே வராமல் அவர்தான் திருப்பிச் செருகிவிட்டார்.

சக்கரம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அவர் எதிர்ப்பக்கம் படுத்து இடது கையால் டார்ச்சைப் பிடித்தார். பொறி ஒன் பக்கம் வராம பிடி, அமுக்காதே, தொட்டுத்தொட்டு எடு என்றார். பாதியில் இழுத்துவிட்டால்? பட்டையையே அறுத்துவிட்டால்? மெஷினின் தலை மூடியோடு இடுக்குக்குள் போனது. அழுத்தினேன். பொறி பறந்ததும் பயந்து விட்டுவிட்டேன். நின்றுவிட்டது.

"பரவால்ல. மறுபடி."

மறுபடி அழுத்தினேன். துரு போய் வெடிப்பின் ஓரம் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. எடு என்றார், எடுத்தேன். வை என்றார், வைத்தேன். நான்காவதோ ஐந்தாவதோ முறை, டார்ச் வெளிச்சத்தின் ஓரத்தில் அவருடைய வலது கை தெரிந்தது. நெஞ்சின்மேல் கிடந்தது. நான் சுவிட்சை அழுத்தும்போதெல்லாம் அந்த இரண்டு விரல்களும் மடங்கப் பார்த்தன. நான் விட்டதும் அவையும் விட்டன.