தண்ணீருக்காகச் சிரமப்பட வேண்டாம்

1

இந்தக் கதை ஒரு மதியச் சாப்பாட்டு டப்பாவில் தொடங்கியது. டப்பாவுக்குள் சோறு இல்லை. ஈரத் தாளில் சுற்றிய தங்கமீன் ஒன்று செத்துக் கிடந்தது. டப்பாவைத் திறந்து காட்டிய ஆள் மீனைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். அது எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போதே கேட்காதீர்கள். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. கொஞ்ச நேரம் அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்.

முதல் வரிக்கு வேறு சிலவற்றையும் முயன்று பார்த்தேன்.

"பாசி என்பது வெளிச்சமும் மிச்ச உணவும் சேர்ந்த இடத்தில்" என்று ஒன்று. பள்ளிக்கூடக் கட்டுரை வாடை அடித்தது, விட்டுவிட்டேன்.

"தெருயோ-சானின் வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது பச்சை நிற" என்று இன்னொன்று. இதையும் பாதியில் விட்டேன்.

"அவர் கொல்ல நினைக்கவில்லை." இது நல்ல வரிதான். ஆனால் அந்த 'அவர்' யார் என்று அடுத்த வரியில் சொல்லியாக வேண்டும்.

2

தெருயோ-சானுக்கு ('சான்' இங்கே பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல்) எழுபத்தொரு வயது. ஜப்பானில் கோரியாமா என்ற ஊரில், தங்கமீன் பண்ணைகளுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் தனியாக இருக்கும் பெண்மணி. ஐம்பத்தெட்டாவது வயதில் விவாகரத்துத் தாளில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுத் திரும்பிய மாலை, கோடைத் திருவிழாக் கடையொன்றில் உட்கார்ந்து காகித வலையால் ஒரு தங்கமீனை அள்ளினார். வலை கிழிவதற்குள் அகப்பட்ட ஒரே மீன். வாழ்க்கையில் யார் தயவும் இல்லாமல் தன் கையால் சம்பாதித்த முதல் உருப்படி அதுதான் என்பார். பதின்மூன்று வருசமாக அது செருப்பு அலமாரியின் மேல் கண்ணாடித் தொட்டியில் இருந்தது.

கடந்த டிசம்பர் முதல் வாரம், இடுப்பு மூட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் செகாவா. வயது அறுபத்து மூன்று. ஓய்வுபெற்ற தபால்காரர். (இதைப் பற்றிப் பிறகு பேச வேண்டும்.)

"செகாவா-சான், கச்சோ குளிர்காலத்துல அரைத் தூக்கம். நாலு நாளைக்கு ஒரு தடவ, அஞ்சே உருண்டை. பாவமேன்னு ஆறாவது போட்டீங்கன்னா அது பாசிக்குத்தான் சாப்பாடு."

"மீனுக்குப் போய் ஏன் கச்சோன்னு பேரு வெச்சீங்க?"*

"என் பழைய வீட்டுக்காரரோட ஆபீஸ்ல ஒரு கச்சோ இருந்தாரு. வாயத் திறப்பாரு, மூடுவாரு. ஒரு வார்த்தை வராது. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எல்லாருக்கும் முன்னால வந்து நிப்பாரு. அச்சு அசல் இவருதான்."

அலமாரிக்கு மேலே சுவரில் ஒரு தாளை ஒட்டிவைத்தார். அழகான கையெழுத்தில் மூன்று குறிப்புகள்.

ஒன்று: நான்கு நாளைக்கு ஒருமுறை ஐந்து உருண்டை.

இரண்டு: முன்பக்கக் கண்ணாடியை மட்டும் பழைய காலுறையால் துடைக்கவும். மற்ற மூன்று பக்கத்துப் பாசி அப்படியே இருக்கட்டும்.

மூன்று: தண்ணீருக்காகத் தயவுசெய்து சிரமப்பட வேண்டாம்.

\* நம் அலுவலகங்களில் சூப்பிரண்டு என்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பதவி.

3

டிசம்பர் இருபத்தெட்டு. வருசம் முடிவதற்குள் இந்த ஊரில் வீட்டைக் கழுவித் தள்ளிவிட வேண்டும். ஜன்னல் சட்டம், அடுப்பின் புகைவழி, குளியலறை ஓடுகளின் இடுக்கு, எதிலும் பழைய வருசத்து அழுக்கு மிஞ்சக் கூடாது. செகாவா தன் வீட்டை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, மீனுக்கு உருண்டை போடத் தெருயோ-சானின் வீட்டைத் திறந்தார். கையில் ரப்பர் கையுறை இன்னும் இருந்தது. அதுதான் வினை.

மூன்று பக்கமும் பாசிப் படலம். நடுவில் பச்சைத் தேநீர் போலத் தண்ணீர். அதற்குள் எங்கோ ஓர் ஆரஞ்சு நிழல். ஆஸ்பத்திரியில் கிடக்கிற பெண்மணியின் வாசலே இப்படிப் புது வருசத்துக்குள் போவதா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாம் குறிப்பை மறுபடி படித்தார். சிரமப்பட வேண்டாம். அவருக்குச் சிரிப்பு வந்தது. இங்கே ஒருவர் 'டீயெல்லாம் வேண்டாம், சிரமப்படாதீர்கள்' என்றால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று அர்த்தம். தெருயோ-சான் கூச்சப்பட்டு எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

[இங்கே எழுதுவதை நிறுத்தினேன். இந்தச் செகாவாவை என்னால் நம்ப முடியவில்லை. அவர் தபால்காரர். நாற்பது வருசம் உறையின் மேல் எழுதியிருந்ததை எழுதியபடியே படித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். தண்ணீரைத் தொடாதே என்றால் தொட மாட்டார். போதாததற்கு இங்கேயே பிறந்தவர். எந்தக் கூச்சம் பொய், எது நிஜம் என்று அவருக்கு மூக்கே சொல்லிவிடும். இந்தத் தப்பைச் செய்வதற்கு வெளியிலிருந்து வந்த ஒருவன் வேண்டும். வருசக்கணக்கில் முட்டி மோதி, சொல்லாததைப் படிக்கக் கற்றுக்கொண்டு, அந்தப் படிப்பில் தலைக்கனம் ஏறியவன் வேண்டும்.]

சரி, கதைக்கு வருவோம். செகாவா மீனை ஒரு கிண்ணத்தில் விட்டார். பச்சைத் தண்ணீர் முழுவதையும் வாளி வாளியாகக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினார். நான்கு பக்கமும் கண்ணாடி கீச்சென்று கத்தும்வரை தேய்த்தார். வடிகட்டிப் பஞ்சைக்கூடக் குழாயடியில் பிழிந்து வெளுத்தார். புதுத் தண்ணீர் பிடித்து, குளோரினை முறிக்கும் கல்லையும் மறக்காமல் போட்டார். விரலை விட்டுப் பார்த்தபோது குளிர் எலும்பில் ஏறியது. மீனுக்கும் இப்படித்தானே குளிரும் என்று இரக்கப்பட்டு, கெண்டியில் வெந்நீர் வைத்து, வெதுவெதுப்பாகும்வரை என் கையால் ஊற்றி

4

வழுக்கிவிட்டது. 'தன் கையால்' என்று திருத்திவிடலாம். திருத்தவில்லை.

என் பெயர் ஞானவேல். இங்கே ஒரு காலுறைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறேன். கோரியாமாவுக்கு வந்து பத்தொன்பது வருசம். தெருயோ-சானின் பக்கத்து வீடு என்னுடையது. செகாவா என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் மிச்சத்தையும் அவர் பெயரிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயரைப் போட்டால் விரல் நகர மறுக்கிறது.

செகாவா மீனைத் தொட்டியில் விட்டார். கச்சோவை முழுசாக அவர் பார்த்தது அன்றைக்குத்தான். இடது கன்னத்தில் வெள்ளைத் திட்டு. கிழிந்து ஆறிய வால் நுனி. முதுகுச் செதில்கள் மங்கிப்போயிருந்தன. மீனுக்கும் முதுமை உண்டு என்று அவர் யோசித்ததே இல்லை. கச்சோ ஒரே இடத்தில் நின்று செவுள்களை வேகவேகமாக அடித்துக்கொண்டது. புது இடம் போலிருக்கிறது, பழகிவிடும் என்று நினைத்துக் கதவைப் பூட்டினார்.

மறுநாள் காலை கச்சோ ஒரு பக்கமாக மிதந்தது.

கண்ணாடி அத்தனை சுத்தமாக இருந்தது. பின்சுவரில் இருந்த மூன்று குறிப்புகளும் மீனுக்கு மேலே பளிச்சென்று தெரிந்தன.  செகாவா உட்கார இடம் தேடி, தெருயோ-சானின் செருப்புகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாம் ஒன்றும் கெடுதல் செய்யவில்லையே, நல்லதுதானே செய்தோம் என்று திரும்பத் திரும்ப அதையே நினைத்தார். கடைசியில் "மன்னிச்சிடு" என்றார். தமிழில் சொன்னார். தபால்காரருக்குத் தமிழ் எப்படி வந்தது என்று கேட்டு என்னை மடக்காதீர்கள்.

5

பண்ணைக்காரர் முனேயோஷி ரப்பர் பூட்சோடு குளக்கரையில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். செகாவா டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"இத மாதிரி ஒண்ணு வேணும்."

முனேயோஷி டப்பாவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "இத மாதிரின்னா, செத்ததா?"

"உசிரோட. பதிமூணு வயசுல."

"பதிமூணு வயசு மீனு பண்ணைல கிடைக்காதுங்க. அத வாங்கிட்டுப் போறவங்கதான் உண்டாக்கணும்." புகையை விட்டார். "தண்ணிய மாத்துனீங்களா?"

"ஆமா."

"பச்சைத் தண்ணியவா?"

"ஆமா."

"முழுசா?"

செகாவா தலையை ஆட்டினார்.

"வெந்நி வேற ஊத்திருப்பீங்களே."

செகாவா டப்பாவை மூடினார்.

"வருசா வருசம் இருபத்தொம்பதாம் தேதி காலைல யாராவது ஒருத்தர் டப்பாவோட வந்துடறீங்க. வீட்டக் கழுவுற வேகத்துல இதோட போர்வையையும் உருவிடறீங்க. குளிருக்கு அந்தப் பச்சைதாங்க அதுக்குப் போர்வை. பத்து டிகிரித் தண்ணில தூங்கிட்டிருந்த உடம்ப வெந்நில தூக்கிப் போட்டா நெஞ்சு தாங்குமா?"

குளத்துக் கூண்டுகளில் தேடி மூன்று வயது மீன் ஒன்றை எடுத்துக் காட்டினார். அளவு கிட்டத்தட்ட ஒன்று. வெள்ளைத் திட்டும் இருந்தது. ஆனால் வலது கன்னத்தில்.

"இது பக்கம் மாறியிருக்கே," என்றார் செகாவா.

"இடது பக்கமா மட்டும் பாக்காதீங்கன்னு மீனோட சொந்தக்காரங்ககிட்ட சொல்லிப் பாருங்களேன்." பிறகு பாவப்பட்டு, ஒரு பாட்டிலில் குளத்துப் பச்சைத் தண்ணீரை மொண்டு கொடுத்தார். "உறை மோரு மாதிரி வெச்சுக்குங்க. நெறைய வெளிச்சம் காட்டுங்க."

(முனேயோஷி ஜப்பானிய மொழியில் 'உறை மோர்' என்று சொல்லியிருக்க முடியாது. அவர் சொன்னது புளித்த பீன்ஸ் பற்றிய ஏதோ ஒன்று. உங்களுக்காக மாற்றிக்கொண்டேன். இதுவும் ஒருவகையில் தண்ணீர் மாற்றுவதுதான் என்று இப்போது உறைக்கிறது.)

6

தொட்டிப் பாசியை எப்படி ஒழிப்பது என்று ஆயிரம் பேர் எழுதிவைத்திருக்கிறார்கள். வெயில் படாமல் திரை போடு. விளக்கைச் சீக்கிரம் அணை. உணவைக் குறை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும், இரண்டு நாள் வாளியில் வைத்திருந்து மாற்று. தெருயோ-சான் இதெல்லாம் தெரிந்துதான் முன் கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டிருந்தார். பாசியை அவர் ஒழிக்கவில்லை, அளவோடு வைத்திருந்தார்.

செகாவா இப்போது அந்த ஆயிரத்தையும் தலைகீழாகச் செய்தார். மேற்குக் கதவின் திரையைக் கழற்றினார். மேசை விளக்கைக் கொண்டுவந்து தொட்டிமேல் கட்டினார். புது வருசத்து அரிசிப் பண்டமான மோச்சியைக்கூட அவர் தின்னவில்லை. தினமும் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் ஒரு வெள்ளைத் தாளைத் தொட்டிக்குப் பின்னால் பிடித்து, பச்சை ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். கழுவித் தள்ள அரை நாள் போதுமானதாக இருந்தது. வளர்க்க நான்கு வாரமும் போதவில்லை. குளிரில் பாசிகூடச் சோம்பேறியாகிவிடுகிறது. ஜனவரி இருபத்து நான்காம் தேதி தண்ணீர் ஆறிப்போன தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. அன்றைக்குத்தான் தெருயோ-சான் திரும்பி வந்தார்.

7

தெருயோ-சான் ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கச்சோ, வந்துட்டேன்."

முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். மீன் திரும்பியது. வாயைத் திறந்தது, மூடியது.

"ரொம்ப இளமையாயிட்டாரே. எனக்கும் இந்த வைத்தியத்தையே பண்ணியிருக்கலாம்." பிறகு, இடுப்பு அனுமதித்த அளவு குனிந்து வணங்கினார். "செகாவா-சான், உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன்."

இந்த இடத்துக்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். முதலாவதில் அவர் கண்டுபிடிக்கவே இல்லை. இரண்டாவதில் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். மூன்றாவதில் செகாவா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். மூன்றும் பிடிக்கவில்லை. அதனால் முடிவில்லாத இந்தக் கதையை மடித்து வைத்தேன். தெருயோ-சானால் படிக்க முடியாத மொழியில் ஒப்புக்கொண்டுவிட்டேன், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

8

இது நேற்று மத்தியானம் நடந்தது. ஆரஞ்சு கொடுக்க வந்த தெருயோ-சான் என் மேசையைப் பார்த்தார்.

"என்ன எழுதறீங்க, ஞானா-சான்?"

"ஒரு கதை."

"எதப் பத்தி?"

வாய் தவறிவிட்டது. "மீன்தொட்டி."

"அப்ப படிங்க, கேப்போம்."

"தமிழ்ல இருக்கு. உங்களுக்குப் புரியாதே."

"புரியாட்டி என்ன, காது என்னோடதுதானே."

படித்தேன். முதல் வரியிலிருந்து அவர் வணங்கிய இடம்வரை. அவர் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே கேட்டார். 'கச்சோ' என்று வரும்போதெல்லாம் விரல் நின்றது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். முனேயோஷி பெயர் வந்ததும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.  இருந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. படித்து முடித்தபோது ஆரஞ்சு முழுசாக உரித்து, தின்னாமல் அவர் மடியில் இருந்தது.

"செகாவா யாரு?"

"கதைல பக்கத்து வீட்டுக்காரர்."

"ஓ." ஒரு சுளையைப் பிரித்தார். "ஒரு எடத்துல உங்க குரல் உடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் கச்சோ பேரே வரல. முனேயோஷி வந்தான், போனான். அப்பவும் வரல. கடைசில நான் கூப்பிட்டப்பத்தான் வந்துச்சு, இல்ல?"

மேலே திரும்பிப் போய்ப் பாருங்கள். அவர் சொன்னது சரி. ஐந்தாம், ஆறாம் பகுதிகளில் அந்தப் பெயர் இல்லை. எழுதிய எனக்கே அது தெரியாது.  நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தெருயோ-சான் எழுந்தார். பாதி ஆரஞ்சை என் தாள்களின் மேல் வைத்தார். தன் வீட்டுச் சாவியையும் பக்கத்தில் வைத்தார்.

"அந்தச் செகாவா-சானப் பாத்தீங்கன்னா சொல்லுங்க. மார்ச்ல எனக்கு இன்னொரு பக்கத்து இடுப்புக்கு ஆபரேஷன். புதுசா வந்திருக்கிற கச்சோவ அவருதான் பாத்துக்கணும். அப்புறம்…" வாசலில் நின்று செருப்பை மாட்டினார். "எங்கிட்ட எதையாவது சொல்லணுமேன்னு அவரு சிரமப்பட வேண்டாம்."

9

சிரமப்பட வேண்டாம். மூன்றாம் குறிப்பில் இருந்த அதே சொல், அதே பணிவு.

'டீ வேண்டாம்' என்று சொன்னவருக்கு டீ கொண்டுபோக வேண்டுமா? அல்லது இந்தத் தண்ணீரையாவது தொடாமல் விட வேண்டுமா? அவர் வீட்டுத் தொட்டியின் மூன்று பக்கத்துக் கண்ணாடியிலும் மறுபடி பாசி படியத் தொடங்கியிருக்கிறது. நான் ஒருமுறை தப்பாகப் படித்து ஓர் உயிரைக் கொன்றவன். என் படிப்பை இனி நம்ப மாட்டேன்.

அதனால் இந்தக் கதையை நான் முடிக்கவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மேலே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஒருமுறை படித்துவிட்டு, நான் போய் அவர் கதவைத் தட்டலாமா என்று சொல்லுங்கள். சாவி ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது, இரண்டையும் நான் இன்னும் தொடவில்லை.