ஒத்திகைப் பிணம்

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன். உள்ள விடுங்க," என்று அவன் ஆஸ்பத்திரித் தனி வார்டு வாசலில் அடித்திருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சினான். கையை அகல விரித்து மறித்திருந்த வாட்ச்மேன் அவன் முகத்தையே கூர்ந்து பார்த்தார். பிறகு ரகசியமாகச் சொன்னார்.

"கோச்சுக்காதீங்க சார். போன தடவை இன்னும் நல்லா பண்ணீங்க."

"என்னது?"

"அழுகைதான். போன தடவை தரையில எல்லாம் உருண்டீங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. இன்னைக்கு ஒண்ணும் எடுபடல. இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்தா திட்டுவாங்க."

அவர் லீவு முடிந்து அப்போதுதான் டூட்டிக்கு வந்திருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"செத்துப்போனதே அவங்கதான்," என்றான்.

வாட்ச்மேன் சிரித்தார். "இந்தத் தடவை கதை பலமா இருக்கே!"

பிறகு கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்ற நர்சுகளைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி திரும்பிக்கொண்டாள். வாட்ச்மேன் ஒரு கையால் தொப்பியைக் கழற்றினார். இன்னொரு கை மட்டும் மறித்தபடியே இருந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் பழக்கிய கை.

அவன் மனைவி அந்த ஆஸ்பத்திரியின் நர்சுகளுக்கு இன்சார்ஜ். எங்கோ தொலைவில் ஒரு புதுக் காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்ததிலிருந்து, அது இங்கே வந்தால் என்ன செய்வது என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. கடைக்கோடியில் சும்மா கிடந்த அறையைத் தனி வார்டாக்கினாள். வாசலில் மஞ்சள் கோடு அடித்தாள். அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் அவன்தான். கோணல் என்று சொல்லி மறுபடி அடிக்க வைத்தாள். வாராவாரம் ஒத்திகை நடத்தினாள். அதில் நோயாளி மாதிரி படுக்க வைக்க ஒரு பொம்மை கேட்டாள். நிர்வாகம் கையை விரித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சும்மா படுத்திருக்கும் புருஷன் ஒருவன் இருக்கிறானே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்க வந்தும் படுக்கத்தானே போறே," என்றாள்.

முதலில் நோயாளியாகப் படுத்தான். அடுத்தது பிணம். பிணமாக இருப்பது சுலபம் என்று நினைத்திருந்தான். பிளாஸ்டிக் பையில் கிடத்தி ஜிப்பை இழுத்தபோது தாடைச் சதை மாட்டிக்கொண்டது. பிணம் "ஐயோ அம்மா!" என்று கத்தியது. நர்சுகள் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்கு விக்கல் எடுத்தது. அடுத்த முறை ஜிப் நெஞ்சைத் தாண்டும்போதே அவன் உஷாராகத் தாடையைத் தூக்கினான்.

"பிணம் ஒத்துழைக்கக் கூடாது," என்று அதட்டினாள் அவள். "நிஜத்துல யாரும் தூக்கிக் குடுக்க மாட்டாங்க. கல்லு மாதிரி கிட."

பிறகு தாடைக்கும் ஜிப்புக்கும் நடுவே இரண்டு விரலைக் கொடுத்து, மெதுவாக இழுத்துக் காட்டினாள். "இப்படித்தான். அவசரப்படாதீங்க. உள்ள இருக்கறது ஒருத்தங்க வீட்டு ஆளு."

ரப்பர் கையுறைக்குள் இருந்தாலும் அது அவள் விரல் என்று தெரிந்தது.

பிணமாக நல்ல பெயர் எடுத்ததால் பதவி உயர்வு கிடைத்தது. செத்தவருக்குச் சொந்தக்காரன். எப்படியாவது கோட்டைத் தாண்டப் பார்ப்பது அவன் வேலை. விடாமல் இருப்பது நர்சுகள் வேலை. அழுதான். மயங்கி விழுந்தான். பேப்பரில் போட்டுவிடுவேன் என்று மிரட்டினான். ஒருமுறை கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மந்திரியாகக்கூட வந்தான்.

"என் புருஷனாச்சேன்னு யாராவது பாவம் பார்த்தீங்க, தொலைச்சுடுவேன்," என்பாள்.

யாரும் பாவம் பார்த்ததில்லை.

கடைசி ஒரு வாரமாக அவள் வீட்டுக்கே வரவில்லை. பக்கத்து ஊர் வரைக்கும் காய்ச்சல் வந்துவிட்டது என்று ஹாஸ்டலிலேயே தங்கிக்கொண்டாள். போனில்தான் பேச்சு. "ஞாயித்துக்கிழமை வந்துடு. போன தடவை உருண்டது ஓவர். ஒழுங்கா அழுது பழகிட்டு வா," என்றாள். பேசும்போதே இருமினாள். அவன் டி.வி. பார்த்துக்கொண்டே "சரி, சரி" என்றான். மறுநாள் அவளுக்கு நெருப்பாகக் காய்ந்தது. யார் உதவியும் இல்லாமல் நடந்து போய், கோட்டைத் தாண்டி, முதல் கட்டிலில் படுத்தாளாம். "திறப்பு விழாவுக்கு ஆள் கிடைச்சாச்சு," என்றாளாம். அவனிடம் போனில், "நீ வராதே. வந்தாலும் விட மாட்டாங்க. நான் பழக்கினது," என்றாள். அந்தக் குரலில் ஒரு கர்வம் இருந்தது.

இன்று காலை மூச்சு நின்றுவிட்டது. அந்தக் காய்ச்சல்தானா என்று சோதனையில் தெரியச் சாயங்காலம் ஆகும். தெரிகிற வரைக்கும், அவள் போட்ட விதிப்படி, அதுதான்.

அவளுக்கு அடுத்தபடியாக இருந்த சின்ன சிஸ்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"எனக்கும் அந்த உடம்பு பூரா மூடற டிரஸ்ஸைக் குடுங்க, போட்டுக்கறேன்," என்றான்.

"போட்டுக்குவீங்க சார். கழட்டத் தெரியுமா? கழட்டும்போதுதான் கிருமி ஒட்டிக்கும்னு சிஸ்டர் சொல்லுவாங்க."

"நான் கத்துவேன்."

"கத்துங்க சார். முடிஞ்சதும் தண்ணி தரணும்." ஒத்திகையில் பழகி, அவளை அறியாமலே வந்த பதில். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் மச்சான், அவன் மனைவியின் அண்ணன். அழுது முகம் வீங்கியிருந்தது. "நகருங்க மாப்ள, நான் பேசறேன்," என்று போனை எடுத்தார். "ஏம்மா, சுகாதார மந்திரியோட பி.ஏ. எனக்கு ரொம்ப வேண்டியவர். இரு, லைன்ல வரச் சொல்றேன்."

"மந்திரியே வந்தாலும் விடறதில்லைங்க."

"வந்திருக்காரா?"

சின்ன சிஸ்டர் அவனைப் பார்த்தாள்.

"நான்தான் மச்சான் வந்தேன்," என்றான் அவன்.

மச்சான் போனைக் காதிலிருந்து இறக்கினார். தங்கை புருஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டியவராக அவன் தோளைத் தட்டினார். "உட்காருங்க மாப்ள. முதல்ல உட்காருங்க."

அவன் உட்காரவில்லை. கையில் இருந்த வித்தை எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அழலாம் என்று பார்த்தால் மூக்குகூட ஒழுகவில்லை. வெறுமனே நின்றான்.

சும்மா நிற்கும் சொந்தக்காரனுக்கு அவர்கள் ஒத்திகை பார்த்ததில்லை. வாட்ச்மேன் சின்ன சிஸ்டரைப் பார்த்தார். சின்ன சிஸ்டர் தன் காலடியில் இருந்த கோட்டைப் பார்த்தாள். நாற்காலி போடுவதா, தண்ணீர் தருவதா, யாருக்கும் விளங்கவில்லை.

"சார்," என்றாள் சின்ன சிஸ்டர் கடைசியில். "மைக் இருக்கு."

கண்ணாடியின் ஓரத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு மைக் பதித்திருந்தது. உள்ளே இருப்பவர்களிடம் சொந்தக்காரர்கள் நாலு வார்த்தை பேசட்டும் என்று அவன் மனைவி நிர்வாகத்திடம் சண்டை போட்டு வாங்கியது. ஒத்திகைகளில் அவன் அதில், "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பான். அவள் உள்ளிருந்து முறைப்பாள்.

சின்ன சிஸ்டர் உடை மாற்றிக்கொண்டு, இன்னொரு நர்சுடன் உள்ளே போனாள். தலை முதல் கால் வரை மூடியிருந்த இருவரில் யார் யார் என்று தெரியவில்லை. ஒருத்தி மட்டும் கண்ணாடி மூடிய கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோவதும், பாதியில் நிறுத்துவதுமாக இருந்தாள். அவள்தான் சின்ன சிஸ்டர் என்று நினைத்துக்கொண்டான்.

திரையை விலக்கினார்கள். முதல் கட்டிலில் அவள் கல்லு மாதிரி கிடந்தாள். முடியை யாரோ வாரி ஒதுக்கியிருந்தார்கள். வகிடு நேராக இருந்தது.

அவன் மைக் பொத்தானை அழுத்தினான்.

"ஹலோ," என்றான்.

உள்ளே இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மச்சான் பின்னாலிருந்து, "பேசுங்க மாப்ள, எதையாவது பேசுங்க," என்றார். அவன் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே நின்றான். அவன் மூச்சு விடும் சத்தம் உள்ளே ஸ்பீக்கரில் கேட்டிருக்கும்.

பையில் கிடத்தினார்கள். பாதத்திலிருந்து ஜிப் ஏறத் தொடங்கியது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு.

"சிஸ்டர், தாடைகிட்ட சிக்கும்," என்றான்.

ஜிப் நின்றது. கையுறை போட்ட இரண்டு விரல்கள் அவள் தாடைக்குக் கீழே போயின. அவசரப்படாமல் இழுத்தார்கள்.

வாட்ச்மேன் தொப்பியைக் கையில் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவன் தன் தாடையைக் கொஞ்சம் தூக்கியிருந்தான்.