ஆட்சேபணைக்காரர்

பஞ்சர் கடைக்காரருக்கு இந்தத் தேர்தலில் வார்டு சீட்டு கிடைத்தே ஆகவேண்டும். இருபது வருஷம் கட்சிக்கு உழைத்து ஓடாய்த் தேய்ந்துவிட்டார். இந்த முறை கட்சிக்கு ஒரே கோஷம்: எல்லை தாண்டி வந்தவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து தூக்கு! அவரும் தொண்டை கட்டும்வரை கத்தினார். விலைவாசி என்று கத்தினால் எவன் கேட்கிறான்? வந்தேறி என்று சொன்னால் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

ஒரு பேரை நீக்க உள்ளூர் வாக்காளர் யாராவது ஆட்சேபணை மனு கொடுக்க வேண்டும். வட்டச் செயலாளர் இருநூறு வெற்று மனுக்களைக் கொண்டுவந்து டயர் மேல் வைத்தார்.

"பேரை நாங்க லிஸ்ட்டப் பாத்து எழுதிக்கிறோம். கையெழுத்த மட்டும் போடுங்கண்ணே. சீட்டு உங்களுக்குத்தான்."

எச்சில் தொட்டுப் புரட்டிப் புரட்டி இருநூறிலும் போட்டார், புத்திசாலி! எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்கள் அத்தனை பேரையும் கட்சி ஆபீசில் வரிசையாக எழுதிக்கொண்டார்கள்.

மூன்று வாரத்தில் அவர் வீட்டுக்கே நோட்டீஸ் வந்தது. மனைவிக்கு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கமிருந்து வாழ வந்தவள்.

"உங்க கட்சிக்கே ஓட்டுப் போட்டுட்டு இருக்கேன், எனக்கு நோட்டீஸாம்!" என்று முதலில் சிரித்தாள். அடியில் ஆட்சேபணைக்காரர் பேரைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏங்க, இது உங்க கையெழுத்துதானே?"

"ஐயோ, உனக்கா போட்டேன்? அவங்களுக்குப் போட்டதுடி."

"அவங்கன்னா யாரு?"



விசாரணை நாளன்று அதிகாரி அவரிடம் கறாராகச் சொன்னார். "மனு பொய்னா இப்பவே சொல்லிடுங்க. இவங்க பேர் இருக்கட்டும். ஆனா ஒண்ணு பொய்னா மிச்சத்தையும் தள்ளுபடி பண்ணிடுவேன். உங்க மேல கேஸும் வரும்."

பின் பெஞ்சில் வட்டச் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

மனைவியிடம் இருந்த ஒரே காகிதம் கல்யாணப் பதிவுச் சான்று. அதை மேஜைமேல் வைத்தாள். "இதுலயும் அவர் கையெழுத்துதாங்க இருக்கு. எது நெசம்னு அவரையே கேளுங்க."

அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாரோ என்னவோ. பாவி மனுஷன் பார்க்கவில்லை.

"மனுல இருக்கறது சரிதாங்க. அவ வெளியாள்தான்."

அதிகாரி பேரை அடித்தார். அவள் சான்றை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். இத்தனை வருஷத்தில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் அவள் வாசல் தாண்டியதே இல்லை. அவர் பதறி எழுந்தார்.

"நீங்க எங்க போறீங்க?" என்றார் குமாஸ்தா. "அடுத்த மனுவும் உங்களுதுதான். உக்காருங்க."

உட்கார்ந்தார்.