எட்டு நாள் காப்பு

இடது கையில் செல்போன், வலது கையில் தேங்காய்ப் பழத் தட்டு. முத்தாலம்மன் கோயில் வரிசையில் நின்றிருந்த சூர்யபிரகாஷ் இரண்டில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அவனுடைய காது அறுபது கிலோமீட்டர் தள்ளி, கப்பலூர் அட்டைப்பெட்டி ஆலையில் இருந்தது.

“பசை கெட்டியா இருக்குண்ணே. தண்ணி ஊத்தவா?” என்று கேட்டான் அங்கே வேலை பார்க்கும் முகேஷ்.

“ஊத்தாத. மொதல்ல சூடு எம்புட்டுன்னு பாரு.”

வரிசை நகர்ந்தது. தட்டை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அடுத்து திருநீறு தருவார்கள் என்று நினைத்து வலது கையை நீட்டினான். “பாத்துட்டுச் சொல்லு, நான் ராத்திரி வந்துருவேன்” என்று சொல்லி முடிப்பதற்குள் மணிக்கட்டில் ஈரமாக ஏதோ இறுகியது. குனிந்து பார்த்தான். விரலி மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கட்டிய மஞ்சள் கயிறு. சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள்.

அது பால்குடம் எடுப்பவர்களுக்குக் காப்புக் கட்டும் வரிசை. நிற்க வேண்டியவன் அவனுடைய மச்சினன் அழகுபாண்டி. மைக் செட்காரன் கூப்பிடுகிறான் என்று, “மச்சான், ரெண்டு நிமிசம் தட்டைப் பிடிங்க” என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மாமனார் ஊரில் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு, எட்டரை மணி பஸ்ஸில் திரும்பிவிடுவதுதான் சூர்யபிரகாஷின் திட்டம்.

“அவுத்துருங்கண்ணே. தெரியாமக் கட்டிட்டீங்க” என்றான் பூசாரி பேச்சிமுத்துவிடம்.

“நான் தெரிஞ்சுதான் கட்டுனேன் மாப்ள. நீங்கதான் தெரியாம நீட்டிட்டீக. கட்டத்தான் எனக்கு அதிகாரம். அவுக்குறதுக்கு அடுத்த செவ்வாய் வரைக்கும் எனக்கே அதிகாரமில்ல.”

ஊரின் கட்டுப்பாடு அப்படி. காப்புக் கட்டியவர் எட்டாம் நாள் பால்குடம் எடுத்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கறி, மீன் கிடையாது. மனைவியோடு ஒரே அறையில் படுக்கை கிடையாது. மீறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. மீறிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

“வியாழக்கிழமை ஆடிட் இருக்கு மாமா. சென்னையில இருந்து ஆளுங்க வாராங்க.”

“அவுக வரட்டும் மாப்ள, யாரு வேணாம்னது?” என்றார் மாமனார் கண்ணுச்சாமி. “நீங்க போகக் கூடாது. அம்புட்டுத்தான்.”

முத்துமீனா கணவனின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

“இது உன் வேலையா?”

“ஆமா. போன்ல பேசிக்கிட்டே கையை நீட்டுவீங்கன்னு எனக்குச் சோசியம் தெரியும் பாருங்க.”

வேறு வழியில்லாமல் முதலாளியை அழைத்தான். போன மாதம் திருநகர் டாக்டர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, பதினைந்து நாள் முழு ஓய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டை அவன் இதே முதலாளியிடம் நீட்டியிருந்தான். அவர் அதைப் படித்து, மடித்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு, “ஆடிட் முடியட்டும் சூர்யா, பாக்கலாம்” என்றார். இப்போது விஷயத்தைக் கேட்டதும் குரலை இறக்கினார்.

“காப்பே கட்டியாச்சா? அப்ப தயவுசெஞ்சு வந்துராதீங்க. நாளைக்கு மெசின்ல ஒருத்தனுக்குக் கை போச்சுன்னா யாரு பொறுப்பு? இருந்து நல்லபடியா முடிச்சுட்டு வாங்க. எம்பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிருங்க.”

டாக்டர் சீட்டுக்குக் கிடைக்காத லீவு ஒரு சாண் கயிற்றுக்குக் கிடைத்தது. ஆனால் சூர்யபிரகாஷ் உண்மையில் அந்த லீவை விரும்பவில்லை. சும்மா இருக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் அஸ்வினியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு திருமங்கலத்துக்குச் சார்ட் பேப்பர் வாங்கப் போனான். திரும்பும் வழியில் நான்கு வழிச் சாலையில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் மூடிவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு லாரியின் ஹாரன்தான் எழுப்பியது. முன்சக்கரம் நடுத் தடுப்பை உரசப்போன இடத்தில் திருப்பி, ஓரங்கட்டி நின்றான். முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டு வயதுக் குரல் கேட்டது.

“தூங்கிட்டீங்களாப்பா?”

“இல்லடா. சும்மா விளையாட்டுக்கு. அம்மாட்டச் சொல்லாத.”

அவள் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பைக்கில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து, ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனாள். ஏன் என்று முத்துமீனா கேட்டால், வெயில் என்றாள். அவனுக்கும் அன்றோடு தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் ஹாரன் கேட்டது. ஆலையில் நிற்கும்போது மட்டும் கேட்கவில்லை. ஆகவே ஆலையிலேயே நின்றான்.

இப்போது நிற்பதற்கு ஆலை இல்லை.

ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. புதன்கிழமை முகேஷ் பதினேழு முறை அழைத்தான். சூர்யபிரகாஷ் தொட்டியை விட்டு நகரவில்லை. ஆடிட் நடந்த வியாழக்கிழமை மூன்றே அழைப்பு. அதில் ஒன்று, அர்ச்சனையை ஞாபகப்படுத்த முதலாளி செய்தது. வெள்ளிக்கிழமை ஒன்றுமே வரவில்லை. மத்தியானம் வரை பொறுத்துவிட்டு அவனே அழைத்தான்.

“ரெண்டு குறை எழுதியிருக்காங்கண்ணே. ஒரு மாசத்துல சரி பண்ணணுமாம். நீங்க இருந்தா வந்திருக்காது.” பின்னால் யாரோ கத்துவது கேட்டது. “வச்சிரட்டாண்ணே? லோடு ஏறுது.”

பதினோரு வருடம் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தவன் இல்லாததற்கு இரண்டு குறை. அது அதிகமா, கம்மியா என்று அவனுக்குப் புரியவில்லை. எப்படி நினைத்தாலும் வலித்தது.

கை சும்மா இருக்க மறுத்தது. மாமனாரின் தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாட்டினான். அதுவரை நன்றாக ஓடியது, அதற்குப் பிறகு இரைந்தது. ஒச்சம்மாள் பெட்டிக்கடையில் பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்து, ஓரத்தைக் கிழித்து முகர்ந்தான்.

“ஏப்பா, உள்ள பிஸ்கட் இருக்குப்பா!”

“அஞ்சு அடுக்குன்னு அச்சடிச்சிருக்கான், மூணு அடுக்குதான் இருக்கு.”

“எத்தனை அடுக்கா இருந்தா என்ன? எலி எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கடிக்குது. வச்சிட்டுப் போ.”

அங்கிருந்து ஊர் எல்லைக்கு நடந்தான். மஞ்சள் பூசிய கல் ஒன்று நட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு வயல் தாண்டினால் திருச்சி சாலை. லாரிகள் மதுரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. கல் வரைக்கும் போனான், திரும்பினான், மறுபடியும் போனான்.

“மச்சான், இது எத்தனாவது ரவுண்டு?” டீக்கடை பெஞ்சில் இருந்து அழகுபாண்டி கேட்டான். “எல்லையக் காக்குறதுக்கு முனியாண்டி இருக்காரு. நீங்க வேற எதுக்கு?”

“எல்லாம் உன்னாலதான் மாப்ள.”

“நான் ரெண்டு நிமிசத்துல வந்துட்டேன் மச்சான். நீங்கதான் அதுக்குள்ள கையை வித்துட்டீங்க.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமியார் சோணையம்மாள் அவனுக்கு முன்னறையில் தனியாகப் பாய் விரித்திருந்தார். அதில் படுப்பதும் எழுவதுமாக இரவுகள் கழிந்தன. ஹாரன் இங்கே நிஜமாகவே கேட்டது. எது சாலையில் அடிக்கிறது, எது தலைக்குள் அடிக்கிறது என்று பிரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதற்கு மேல் முடியாது என்று தோன்றியது. பையைத் தூக்கினான். வீட்டில் அப்போது யாரும் இல்லை. எல்லைக் கல்லுக்குப் பத்தடி இருக்கும்போது அஸ்வினி எதிரே வந்தாள். கடையில் வாங்கிய குச்சி ஐஸ் முழங்கை வரை ஒழுகிக்கொண்டிருந்தது.

“எங்கப்பா போறீங்க? போகக் கூடாதே?”

“மதுரைக்கு. சாயங்காலம் வந்துருவேன். அம்மாட்டச் சொல்...”

வாய் நின்றது. அஸ்வினி ஐஸை நக்குவதை விட்டுவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதையும் சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள். “அதையே நான் இன்னும் சொல்லலப்பா.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறேன் என்று மேலதிகாரியிடம் சொல்கிற குரல். அவனிடம் முகேஷ் பேசுகிற மாதிரி. சூர்யபிரகாஷ் பையைக் கீழே வைத்தான். பிறகு அவளுடைய கையைத் துடைத்துவிட்டு, பையோடும் அவளோடும் திரும்பி நடந்தான்.

முத்துமீனா மோட்டார் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அஸ்வினியை விளையாட அனுப்பிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு ஷிஃப்ட், சார்ட் பேப்பர், ஹாரன், பிள்ளையிடம் சொன்ன பொய். அவள் கையிலிருந்த பாவாடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் பிழியவில்லை.

“எம்புட்டு நேரம் கண்ணை மூடுனீங்க?”

“தெரியல மீனா.”

பாவாடையைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். மோட்டார் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அன்றும் மறுநாளும் அவள் அவனிடம் பேசவில்லை. சாப்பாடு வந்தது, ரசம் வந்தது, அவள் குரல் வரவில்லை. திங்கட்கிழமை மாலை அஸ்வினியை மடியில் படுக்க வைத்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ பேசினாள். அவன் முற்றத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தபடி அதைப் பார்த்தான். என்ன பேசினார்கள் என்று கேட்கும் தைரியம் இல்லை. இனி இந்த வீட்டில் தன்னை நம்பி யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தான். அனுப்பவும் கூடாது என்று அவனுக்கே பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஊர் முழுக்க மேளம். பால்குட நாள். சூர்யபிரகாஷ் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, முன்னறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் மிளகாய் பட்ட மாதிரி சிவந்திருந்தன. முத்துமீனா ஒரு சொளகு நிறைய முருங்கைக் கீரையோடு வந்து, நிலைப்படிக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்தாள். காப்புக் கட்டியவன் படுக்கும் அறைக்குள் வரவில்லை.

“மூணு வாரமா அந்தப் பிள்ளை எம் மூஞ்சியப் பாக்காமப் பேசுச்சு” என்றாள், கீரையைப் பார்த்தபடி. “ஸ்கூல்ல யாரோ ஏதோ பண்ணிட்டாங்கன்னு நினைச்சு டீச்சரைப் போய்ப் பாத்தேன். தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“எப்படித் தெரியும்? நீங்க எங்க வீட்டுல இருந்தீங்க?” ஒரு காம்பை உருவிப் போட்டாள். “கண்ணு அசந்ததுக்கு நான் உங்களைத் திட்ட மாட்டேன். உடம்புன்னா அசரும். அதைத் தனியாத் தூக்கிச் சுமக்கணும்னு முடிவு பண்ணி, முடியாம, எட்டு வயசுப் பிள்ளையவும் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னீங்க பாருங்க. அதுக்குத்தான் ரெண்டு நாளா வயிறு எரிஞ்சிச்சு.”

“இனிமே அவளை நான் வண்டியில...”

“அதைப் பொறவு பேசுவோம். இப்பப் படுங்க.”

“கண்ணை மூடுனா ஹாரன் கேக்குது மீனா.”

“கேக்கட்டும். கேட்டா முழிச்சுப் பாருங்க. நான் இங்கனதான் இருப்பேன்.”

“பால்குடத்துக்குக் கூப்பிடுவாங்களே?”

“படுங்கன்னேன்.”

படுத்தான். மூடிய உடனே ஹாரன் அடித்தது. திடுக்கிட்டு விழித்தான். நிலைப்படிக்கு அப்பால் அவள் முதுகும், கீரை உருவும் கையும் தெரிந்தன. மறுபடி மூடினான். மறுபடி அடித்தது. விழித்தான். சொளகில் இலை கொஞ்சம் கூடியிருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே, “இருக்கேன்” என்றாள். மூன்றாவது முறை அடித்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது.

பத்தரை மணிக்குக் கண்ணுச்சாமியும் பேச்சிமுத்துவும் வாசலுக்கு வந்தார்கள்.

“மாப்ள எங்கத்தா? எல்லாரும் குடத்தோட வரிசையில நின்னாச்சு.”

முத்துமீனா வாயில் விரலை வைத்தாள். “தூங்குறாருப்பா.”

“காப்புக் கட்டுன ஆளு இந்நேரத்துல தூங்குறதா? எழுப்பு.”

“எழுப்ப மாட்டேன்.”

கண்ணுச்சாமி மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேச்சிமுத்துதான் விடவில்லை.

“குடம் எடுக்கணுமே தாயி?”

“எடுப்பாரு. முழிச்சதும் கூட்டியாரேன். பொழுது சாயுறதுக்குள்ள வந்தாப் போதும்ல?”

“கூட்டத்தோட வராமத் தனியா எடுக்குறது வழக்கமில்லையே.”

“போன்ல பேசிக்கிட்டு நிக்கிறவரு கையில காப்புக் கட்டுறது மட்டும் வழக்கமாண்ணே?”

பூசாரி மாமனாரைப் பார்த்தார். மாமனார் வேப்பமரத்தைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு குறட்டை வந்தது, முரட்டுக் குறட்டை.

பேச்சிமுத்து தாமாகவே குரலைத் தணித்துக்கொண்டார். “சரி, அம்மனுக்கு நான் சொல்லிக்கிறேன். இந்தத் தெருவுல மட்டும் மேளத்தை நிறுத்தச் சொல்லவா?”

“வேணாம், நல்லா அடிக்கச் சொல்லுங்க. பதினோரு வருசம் மெசின் சத்தத்துல நின்ன மனுசன். மேளத்துக்கெல்லாம் முழிக்க மாட்டாரு.”

அவர்கள் போனார்கள். ஊர்வலம் தெருவுக்குள் வந்தது. மேளமும் குலவையுமாக, மஞ்சள் வேட்டிகளும் சேலைகளும் வாசலைக் கடந்தன. கூட்டத்திலிருந்து பிரிந்து ஓடி வந்த அஸ்வினி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்பா வாயைத் திறந்து, ஒரு கையை மார்பின் மேல் போட்டுக் கிடந்தார்.

“எப்பம்மா எந்திரிப்பாரு?”

“தெரியல. எந்திரிக்கிறப்ப எந்திரிக்கட்டும்.”

அஸ்வினி அம்மாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொளகிலிருந்து ஒரு கைப்பிடி கீரையை எடுத்துக்கொண்டாள்.