கழுகுமலையில் கேட்கும் கச்சேரி

பெனினாவும் வேல்சாமியும் சேர்ந்து பாடினால் அது மேற்கே அடுத்த ஊரில்தான் கேட்கும். கோவில்பட்டியில் பாடினால் கழுகுமலையில். கழுகுமலையில் பாடினால் சங்கரன்கோவிலில். புளியங்குடிக்கு மேற்கே மலைதான். அங்கே ஒருமுறை யோசிக்காமல் பாடிவிட்டார்கள். மறுவாரம் வனத்துறையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, இரண்டாவது பாட்டை யானைகள் நின்று கேட்டதாகச் சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்.

தனித்தனியாகப் பாடினால் எல்லோரையும்போல இருந்த இடத்திலேயே கேட்கும். அவன் கிடாருக்குச் சுருதி சேர்ப்பது அவளுக்குக் கேட்கும், அவள் தொண்டையைச் செருமுவது அவனுக்குக் கேட்கும். சேர்ந்து ஆரம்பித்த நொடியில் அறை கம்மென்று ஆகிவிடும். மைக் வைத்தால் ஓர் ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது என்பதால் மைக் வைப்பதில்லை. வெறும் குரல், வெறும் கிடார்.

கச்சேரி வைப்பவர்கள் இரண்டு இடம் பிடிக்க வேண்டும். பாடுகிறவர்களுக்குக் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் குடோன். கேட்கிறவர்களுக்குக் கழுகுமலையில் கல்யாண மண்டபம். மண்டபத்து மேடையில் மரியாதைக்கு இரண்டு நாற்காலி போட்டுத் தண்ணீர் பாட்டிலும் வைப்பார்கள். முடிந்ததும் மண்டபக்காரர் சீனிவாசகம் போன் செய்து, "கை தட்டுதாங்க" என்பார். உடனே இவர்கள் குடோனில் எழுந்து நின்று அட்டைப்பெட்டிகளைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் ஒப்பந்தம் போட வந்தார். குடோனில் எதிரே உட்கார்ந்து கச்சேரி முழுவதும் பார்த்தார். "விரல் நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்படித்தான் அவர்கள் யாருடைய கம்பெனியிலும் சேராத சுயேச்சைக் கலைஞர்கள் ஆனார்கள்.

பெனினாவுக்கு இதிலெல்லாம் குறை இல்லை. ஒரே ஒரு குறைதான். கழுகுமலையில் பஸ் கண்டக்டர்கூட முணுமுணுக்கிற தங்கள் பாட்டை அவள் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. சீனிவாசகத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். கோவில்பட்டியில் அதைப் போட்டால், கழுகுமலையில் ஜனங்கள் வாசலுக்கு வந்து, இன்றைக்குக் கச்சேரி உண்டா என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். அவளுக்கு மண்டபத்து மின்விசிறிச் சத்தம் மட்டும் கிடைத்தது.

இந்த நிலையில் வேல்சாமிக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கச்சேரி. முடித்த கையோடு அவன் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும், அங்கிருந்து விமானம். பெனினாவுக்கு வருத்தம்தான். அவன் போகிறானே என்பது பாதி, கேட்காமலே முடிந்துவிடப் போகிறதே என்பது பாதி. எது பெரிய பாதி என்று அவள் பார்த்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்தக் காய்ச்சல் ஞாபகத்துக்கு வந்தது. போன வருஷம் ஒரு கச்சேரியன்று அவளுக்குக் குரலே எழும்பவில்லை. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவள் குரல் பிரமாதமாக இருந்ததாகச் சீனிவாசகம் சொன்னார். வேல்சாமிக்குக் கம்பி அறுந்த நாளிலும் அப்படித்தான், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆக, இரண்டு பேரில் ஒருவர் மனசு வைத்து உட்கார்ந்திருந்தாலே போதும் என்று அவள் முடிவு கட்டினாள். ஞாயிறு காலை அவனுக்குப் போன் செய்தாள்.

"பல்லு வலிக்கு, டாக்டரப் பாத்துட்டு வாரேன். நேரமாச்சுன்னா நீ ஆரம்பிச்சிரு."

"சரி, சரி. நீ மெதுவா வா," என்றான்.

அவள் குடோனுக்குப் போய்த் தன் துப்பட்டாவை நாற்காலியில் போட்டுவிட்டு, கழுகுமலை பஸ்ஸைப் பிடித்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் வேல்சாமி உட்கார்ந்திருந்தான்.

"நீ வந்துருவேன்னு நெனச்சேன்," என்றான் அவன். "குடோனுக்கு."

"நீ இருப்பேன்னு நான் நெனச்சேன்."

இருவரும் காலி மேடையைப் பார்த்தார்கள். இனி போனால் போய்ச் சேர முடியாது. சரியான நேரத்துக்குப் பாட்டு ஆரம்பித்தது.

அவள் நினைத்திருந்ததைவிடக் கொஞ்சம் மெதுவான பாட்டு. அவள் குரலில் லேசான கரகரப்பு இருந்தது, அது நன்றாகவே இருந்தது. மேல்ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் கிடார் ஒதுங்கி நின்று வழி விட்டது. அவன் அப்படிச் செய்கிறான் என்பது இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது. பெனினாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"நல்லா வாசிக்காண்டா," என்றாள்.

"பாட்டு நடக்கும்போது பேசாதீங்கம்மா," என்றார் முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

முடிந்ததும் இருவரும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினார்கள். பிறகு சீனிவாசகத்திடம் போய், பாடினவர்களைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். அவர் இவர்களைப் போனில் மட்டுமே அறிந்தவர்.

"அவுங்க இங்க வர மாட்டாங்க. கோவில்பட்டியிலதான் இருப்பாங்க. இப்பத்தான் போன் போட்டுச் சொன்னேன், கை தட்டுதாங்கன்னு. வெரசாப் போனீங்கன்னா பாத்துரலாம்."

வெரசாகத்தான் போனார்கள். வழியில் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. குடோன் பூட்டியிருந்தது. காவலுக்கு இருக்கும் பேச்சியக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பவே கெளம்பிட்டாங்களே," என்றாள் நிமிராமல். "அந்தத் தம்பி ஷார்ஜாவுக்குப் போறாருல்லா. ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போயி, பெட்டிய எடுத்துக்கிட்டு, பஸ் ஏறிருப்பாரு."

"அந்தப் பிள்ள?" என்று கேட்டாள் பெனினா.

"அது இங்கனயே ஒரு பாட்டம் அழுது தீத்துட்டு, கூடவே போச்சு."

பெனினாவுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. அழ வேண்டியதை அழுதாகிவிட்டது.

"அப்ப நான் போக வேண்டியதில்லைல்லா?" என்றான் வேல்சாமி.

"ரெண்டு பேரு போயி என்ன செய்ய?"

அவனோடு அவளும் வீடு வரைக்கும் நடந்தாள். விளக்கு வைக்கும் நேரம். வேல்சாமியின் அம்மா அவனை வழியனுப்பி அழுத கண்ணோடு வந்து கதவைத் திறந்தாள்.

"சோத்துல தண்ணி ஊத்திட்டேனே," என்றாள். "தோசை ஊத்தவா?"

"ரெண்டு பேருக்கும் ஊத்துங்கத்தை," என்று சொல்லிக்கொண்டே பெனினா செருப்பைக் கழற்றினாள்.